ஹனோயைச் சின்னக் குழந்தையோடு நடந்து பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வியட்நாமின் தலைநகரான ஹனோய்க்கு இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை என் மகளுக்கு மூன்றரை வயது. இரண்டாவது முறை அவளுக்கு ஐந்து. அப்போது அக்கா குடும்பமும் நான்கு வயதுப் பையனோடு வந்தது. முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளையே இரண்டாம் பயணத்தில் அவர்களும் செய்யப் போனார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை வரிசையாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள குழந்தையோடு போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். எதைப் பார்ப்பது என்று முடிவுசெய்வதற்கு முன்னால் சாலையைக் கடக்கப் பழக வேண்டும். அதற்கும் முன்னால் அறை சரியான இடத்தில் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் குழந்தையின் தூக்க நேரத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் இரண்டாம் நாளே குழந்தை "வீட்டுக்குப் போகலாம்" என்று அழத் தொடங்கிவிடும்.

1. கிளம்புவதற்கு முன்

விசா: இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களுக்கு இ-விசா வேண்டும். தனி பாஸ்போர்ட் உள்ள குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு முறை நுழைவதற்கான கட்டணம் 25 டாலர். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள்வரை தருகிறார்கள். பெயரின் ஒவ்வோர் எழுத்தும் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய நமக்கு இங்கேதான் தவறு நேரும். பெற்றோருடைய விண்ணப்பத்தை எவ்வளவு கவனமாக நிரப்பினீர்களோ, குழந்தையுடையதையும் அவ்வளவு கவனமாக நிரப்புங்கள்.

மாதம்: அக்டோபரும் நவம்பரும் நடப்பதற்கு மிக நல்லவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 35 டிகிரியைத் தாண்டும். புழுக்கமும் மழையும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர், ஜனவரியில் சென்னைக் குழந்தைக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. குளிர்காலத்தில் காற்று மாசும் கூடும். மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தை என்றால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 'தெத்' எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்தச் சில நாட்கள் கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் குழந்தைக்குச் சாப்பாடு தேடுவதே பெரும்பாடாகிவிடும்.

நேரம்: வியட்நாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இங்கே காலை ஏழுக்கு எழுந்திருக்கும் குழந்தை அங்கே எட்டரைக்குத்தான் எழுந்திருக்கும். ஹனோயில் குழந்தையோடு நடக்க மிக நல்ல நேரமான ஆறரை முதல் எட்டரை வரை தூக்கத்திலேயே போய்விடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் பத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ். ஹனோய் அவர்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் குழந்தை விடியுமுன்னே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஊர் நடுவில் உள்ள ஹோவான் கியெம் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக அது வசதி.

கிழமை: முடிந்தால் வெள்ளிக்கிழமை போய்ச் சேருங்கள். காரணத்தை மூன்றாவது பகுதியில் சொல்கிறேன்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: பின்பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ. முதல் பயணத்தில் நடுச்சாலையில் என் மகளின் ரப்பர் செருப்பு கழன்றுவிட்டது. அதை எடுக்க அவள் திரும்பிக் குனிந்தாள். பின்னால் வந்த ஸ்கூட்டர் பெண்மணி ஒதுங்கிப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே பட்டை வைத்த செருப்பு வாங்கினோம்.

தள்ளுவண்டியா, தூக்கும் பையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏரிக்கு வடக்கே உள்ள பழைய நகரத்தின் நடைபாதைகளில் பைக்குகளும் சாப்பாட்டுக் கடைகளின் பிளாஸ்டிக் முக்காலிகளும்தான் நிறைந்திருக்கும். தள்ளுவண்டியைத் தள்ளினால் பத்தடிக்கு ஒரு முறை சாலையில் இறங்க வேண்டிவரும். குழந்தை வண்டிப் புகைக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதனால் இடுப்பிலோ முதுகிலோ கட்டிக்கொள்ளும் கேரியர் பையைத்தான் நான் சொல்வேன். ஐந்து வயதுக்கு மேல் என்றால் இரண்டுமே வேண்டாம். நடக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. அறையை எங்கே எடுப்பது

ஹோவான் கியெம் ஏரியிலிருந்து குழந்தையின் நடையில் பத்து நிமிடத்துக்குள் அறை இருக்க வேண்டும். மதியத் தூக்கத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பதுதான் காரணம். அறை தூரமாக இருந்தால் திரும்ப மனசு வராது. தூங்காத குழந்தையை இழுத்துக்கொண்டு மாலையில் சுற்றுவது எல்லோருக்கும் தண்டனை.

ஏரிக்கு மேற்கே புனித ஜோசப் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களும், தெற்கே பிரெஞ்சுக்காரர் காலத்து அகலத் தெருக்களும் குழந்தையோடு தங்க நல்லவை. தெற்கில் நடைபாதை கொஞ்சமாவது காலியாக இருக்கும். வடக்கே தா ஹியென் என்ற பீர் தெருவின் பக்கம் வேண்டாம். நள்ளிரவு தாண்டியும் பாட்டுச் சத்தம் ஓயாது.

பதிவுசெய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். லிஃப்ட் உண்டா? அறையில் ஜன்னல் உண்டா? பால்கனி இருந்தால் கம்பி இடைவெளி எவ்வளவு? இங்கே கட்டிடங்கள் மூன்று நான்கு மீட்டர் அகலமே இருக்கும்; நீளமாக உள்ளே போய், உயரமாக மேலே எழும்பும். நடுவில் உள்ள அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை, தோளில் தூங்கும் குழந்தை: இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அத்தானைக் கேட்டால் தெரியும்.

3. முதல் மாலை: வண்டி இல்லாத சாலை

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி முதல் ஞாயிறு நள்ளிரவு வரை ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகளை விடுவதில்லை. 2016 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. முழுச் சாலையும் நடப்பவர்களுக்கே. உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு திரண்டு வருவார்கள். லீ தாய் தோ என்ற பழைய மன்னரின் சிலைக்கு முன்னால் உள்ள திறந்த சதுக்கத்தில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் விடுவார்கள். சின்னக் குழந்தைகளுக்கு பேட்டரி பொம்மைக் கார் வாடகைக்குக் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை வரச் சொன்னது இதனால்தான். புது ஊரின் சத்தத்துக்கும் வாசனைக்கும் கூட்டத்துக்கும் குழந்தை பழக மூன்று மாலைகள் கிடைக்கும். வண்டிக்குப் பயப்படாமல் பழகலாம். முதல் மாலை இதைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் போதும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் விடுதி அந்தத் தடுப்புக்கு உள்ளே இருந்தால், ஏழு மணிக்குப் பிறகு விமான நிலையத்திலிருந்து வரும் கார் வாசல்வரை வராது. கடைசி அரைக் கிலோமீட்டரைப் பெட்டியும் குழந்தையுமாக, கூட்டத்தின் நடுவே கடக்க வேண்டும். விமானம் மாலையில் இறங்குகிறது என்றால் விடுதியிடம் முன்பே கேட்டு, எந்த முனையில் இறங்குவது என்று தெரிந்துகொள்ளுங்கள். விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். குழந்தை வழியிலேயே தூங்கிவிடும்.

4. சாலையைக் கடக்கப் பழகுவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நம் ஊர் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு ஹனோய் பெரிதில்லை என்று நினைத்துத்தான் நானும் போனேன். அந்த நினைப்பே ஆபத்தாக முடிந்தது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. சாலை ஓரத்தில் நிற்கும்போது முதலில் வண்டி வருவது உங்கள் இடது கைப் பக்கத்திலிருந்து. நம் கழுத்தோ பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். முதல் இரண்டு நாள் "இடது, இடது" என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்.

பைக் ஓட்டுபவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள், வளைந்து போவார்கள். நீங்கள் எந்த வேகத்தில் நடக்கிறீர்கள் என்று பார்த்து, அடுத்த நொடியில் எங்கே இருப்பீர்கள் என்று கணக்குப் போட்டு, உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ போகிறார்கள். அதனால் ஒரே வேகத்தில் நடப்பதுதான் நீங்கள் தரும் சிக்னல். ஓடினாலும், சட்டென்று நின்றாலும், பின்வாங்கினாலும் அந்தக் கணக்கு தப்பிவிடும். பயந்து பின்னால் ஓரடி வைப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. குழந்தையோ இயல்பாகவே ஓடும், நிற்கும், பின்வாங்கும். ஆகவே அதன் வேகம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள்.

முதலில் வேடிக்கை மட்டும். ஒரு மாடிக் காபிக் கடையில் உட்கார்ந்து பத்து நிமிடம் உள்ளூர்க்காரர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்று குழந்தையோடு சேர்ந்து பாருங்கள். "அந்தப் பாட்டி ஓடினாங்களா? இல்லையே, எவ்ளோ மெதுவா போறாங்க பாரு" என்று காட்டுங்கள்.

அடுத்து, பெரியவர் ஒருவர் தனியாக இரண்டு முறை கடந்து பழகட்டும். உங்கள் கால் நடுங்கினால் அது குழந்தையின் கைவழியே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் குழந்தையோடு. விரலைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது. சாலையின் முதல் பாதியில் வண்டி இடப்பக்கமிருந்து வருவதால் குழந்தை உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டினால் வண்டி வலப்பக்கமிருந்து வரும். பெரியவர் இருவர் இருந்தால் குழந்தையை நடுவில் விட்டு இருபக்கமும் நில்லுங்கள். பக்கம் மாற்றும் கவலையே இல்லை. தனியாக இருந்தால் அகலமான சாலையில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். நடுச்சாலையில் கை மாற்ற வேண்டாம்.

கார், பேருந்து, லாரி இல்லாத நேரமாகப் பார்த்து இறங்குங்கள். பைக் வளையும், பேருந்து வளையாது. இறங்கும் இடத்தில் நிறுத்திய வண்டிகள் மறைக்கக் கூடாது. உங்கள் தலை தெரியும், குழந்தையின் தலை தெரியாது. காதையும் நம்ப முடியாது. மின்சார ஸ்கூட்டர்கள் இப்போது நிறைய. பக்கத்தில் வரும்வரை சத்தமே இருக்காது.

நாங்கள் ஒன்று கண்டுபிடித்தோம். சாலையில் இறங்கியதும் மகள் சத்தமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணத் தொடங்குவாள், எண்ணுக்கு ஓரடி. எண்ணும் வேகத்தில் கால் போகும் என்பதால் ஓட்டமும் இல்லை, நிற்பதும் இல்லை. ஏரியின் வடமுனையில் ஒரு சாலையை இருபத்தாறில் கடந்தோம். அந்தப் பக்கம் ஏறியதும் அவளே "இன்னொரு வாட்டி" என்றாள். பயம் அங்கேயே போய்விட்டது.

சிக்னல் இருக்கும் இடத்தில் சிக்னலிலேயே கடங்கள். 2025 ஜனவரியிலிருந்து சிவப்பு விளக்கைத் தாண்டும் பைக்குக்கு 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங் வரை அபராதம் போடுகிறார்கள்; நம் பணத்தில் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்குமேல். ஆகையால் இப்போது பெரும்பாலோர் நிற்கிறார்கள். ஆனாலும் பச்சை மனிதன் எரிகிறதே என்று பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள். முனையில் திரும்பும் வண்டிகள் வரும்.

நடைபாதையிலும் குழந்தை சுவர்ப் பக்கமே நடக்க வேண்டும். காலை ஏழு முதல் எட்டரை, மாலை நாலரை முதல் ஆறரை என நெரிசல் மிகுந்த நேரங்களில் பெரிய சாலைகளைக் கடக்கும்படி எதையும் திட்டமிடாதீர்கள்.

5. நாளை இரண்டாக வெட்டுவது

காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. நடுவில் பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை அறை. இதற்குமேல் ஒன்றும் சேர்க்காதீர்கள். மதியம் உள்ளூர்க்காரர்களும் ஓய்வெடுப்பார்கள். கடைக்காரர்கள் கடைக்குள்ளேயே சாய்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அலைந்து நீங்கள் காணப்போவது அதிகமில்லை.

தூரக் கணக்கு: நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், நடுவில் இரண்டு உட்காரல். மேப் இருபது நிமிடம் என்று காட்டினால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பூனை இருக்கும், மீன் தொட்டி இருக்கும், குழந்தை நிற்கும். நிற்கட்டும், ஊர் பார்ப்பது என்றால் குழந்தைக்கு அதுதான்.

நடையை எப்போதும் அறையை நோக்கி முடியும்படி வையுங்கள். தூரமான முனைக்குக் காரில் போய், அங்கிருந்து நடந்து திரும்புங்கள். மாறாகச் செய்தால், தூரத்தில் குழந்தை சோர்ந்துபோய் நிற்கும். கார் கிடைக்கப் பத்து நிமிடம் ஆகும். கார் கூப்பிடும் கிராப், சான் எஸ்எம் செயலிகள் இரண்டையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவாக இருக்கிறதே என்று குழந்தையோடு பைக் டாக்ஸி வேண்டவே வேண்டாம்.

தெருப் பெயர்களை வியட்நாமிய எழுத்திலேயே மேப்பில் சேமித்துவிடுங்கள். நான் இங்கே தமிழில் எழுதியிருப்பது உங்களுக்குப் புரிய மட்டும். அப்படியே உச்சரித்தால் ஓட்டுநருக்குப் புரியாது. அந்த மொழியில் ராகம் மாறினால் சொல்லே மாறிவிடும். எழுதிக் காட்டுவதே நல்லது.

6. முதல் நடை: ஹோவான் கியெம் ஏரி, காலையில்

ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழுச் சுற்றும் வர வேண்டியதில்லை. கிழக்குக் கரை போதும். ஆறரை மணிக்குப் போனால் பாட்டிகள் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வார்கள். இறகுப் பந்தைக் காலாலேயே தட்டித் தட்டி விளையாடுவார்கள். குழந்தை பின்னால் நின்று கையைக் காலை ஆட்டினால் இடம் விட்டுச் சேர்த்துக்கொள்வார்கள்.

பிறகு சிவப்பு நிற மரப்பாலம் வழியே ஙொக் சோன் கோயில். பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, கீழே தண்ணீர். மணிக்கட்டுப் பிடி இங்கேயும் வேண்டும். கோயிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் இந்த ஏரியில் வாழ்ந்த மிகப் பெரிய ஆமைகளின் பதப்படுத்திய உடல்கள் உள்ளன. கடைசி ஆமை 2016 ஜனவரியில் இறந்தது. என் மகள் பெட்டிக்கு எதிரே கீழே உட்கார்ந்து பத்து நிமிடம் அதன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தாதீர்கள்.

நீர்ப் பொம்மலாட்ட அரங்கு ஏரியின் வடகிழக்கு முனையில்தான் இருக்கிறது. காட்சி சுமார் ஐம்பது நிமிடம். மொழி புரிய வேண்டியதில்லை. டிக்கெட்டை முன்னதாகவே வாங்கி, முன்வரிசை அல்லது நடைவழியோர இருக்கை கேளுங்கள். பின்வரிசையில் குழந்தைக்கு முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். இருட்டும் மேளச் சத்தமும் டிராகன் கக்கும் நெருப்புப் பொறியும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூட்டிப்போன அக்கா பையன் முதல் மேளத்திலேயே அழுது, வெளியே தூக்கிப்போக வேண்டியதாயிற்று. மறுநாள் போனில் ஒரு சின்ன வீடியோ காட்டி, "இப்படித்தான் சத்தம் வரும்" என்று சொல்லிக் கூட்டிப்போனோம். முழுதும் பார்த்தான்.

7. இரண்டாம் நடை: தொழில் தெருக்கள், வடக்கிலிருந்து தெற்கே

பழைய நகரத்தில் தெருவுக்கு ஒரு பண்டம். 'ஹாங்' என்றால் சரக்கு. அடுத்த சொல் என்ன சரக்கு என்று சொல்லும். குழந்தைக்கு இது விளையாட்டு: "இந்தத் தெருவில் என்ன விற்கிறாங்க, கண்டுபிடி." ஒரே நேர்கோட்டுத் தெருவுக்கு அடுத்தடுத்து நான்கு பெயர் இருக்கும். வழி தவறிவிட்டோம் என்று பதற வேண்டாம்.

காலை எட்டரைக்கு மேல் காரில் ஹாங் மா தெருவில் இறங்குங்கள். சிவப்புக் காகித விளக்குகள் தலைக்குமேல் தொங்கும். கீழே, முன்னோருக்கு எரித்துப் படைக்கும் காகிதச் சாமான்கள்: காகிதச் சட்டை, காகிதச் செருப்பு, காகித வீடு. நம் வீட்டில் திவசம் பார்த்த குழந்தைக்கு இதை விளக்குவது எளிது. இலையுதிர் காலப் பௌர்ணமி விழாவுக்கு முந்தைய இரண்டு வாரம் இந்தத் தெரு மிக அழகாக இருக்கும், ஆனால் மாலையில் மூச்சு முட்டும் கூட்டம். அப்போதும் காலையிலேயே போங்கள்.

பக்கத்திலேயே டோங் சுவான் சந்தை. 1889இல் கட்டியது, 1994இல் எரிந்து மறுபடி எழுப்பியது. உள்ளே மொத்த வியாபாரம்; மூட்டைகளுக்கு நடுவே ஒற்றை ஆள் நடக்கும் வழி. குழந்தையோடு உள்ளே போகாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே லான் ஓங் தெரு: மருந்துக் கடைகள். வேர், பட்டை, காய்ந்த பழம் என்று கோணிகளில் நிரப்பி வைத்திருப்பார்கள். நாட்டு மருந்துக் கடை வாசனை தூரத்திலேயே வரும். "பாட்டி வீட்டு அலமாரி வாசனை" என்றாள் மகள். பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும். தொட்டு வாயில் வைக்க விடாதீர்கள்.

அடுத்தது ஹாங் தியெக்: தகரப் பட்டறைகள். இந்த நடையில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இங்கேதான். நடைபாதையிலேயே உட்கார்ந்து தகடு வெட்டி, மடக்கி, சுத்தியலால் தட்டி, பெட்டியும் புகைக்குழாயுமாக ஆக்குவார்கள். தட்டையான தகடு கண்முன்னே பெட்டியாவதைக் குழந்தை முழுதாகப் பார்க்கும். எதிர்ப்பக்கத்தில், இரண்டு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். வெட்டிய தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். தரையிலும் துண்டுகள் கிடக்கும். மூடிய ஷூ இங்கே நல்லது.

கடைசியாக லுவோங் வான் கான்: பொம்மைக் கடைத் தெரு. இது கண்டிப்பாகக் கடைசியில்தான் வர வேண்டும். முதலில் வந்தால் நடை அங்கேயே முடிந்துவிடும். கடைசியில் வைத்தால், "இன்னும் ரெண்டு தெரு தாண்டினா பொம்மைக் கடை" என்ற ஒரு சொல்லே சோர்ந்த காலை நடத்திவிடும். தெரு முடிந்தால் ஏரி வந்துவிடும், அறையும் பக்கம்.

இந்தத் தெருக்களில் ஒன்றைக் கவனியுங்கள். தோளில் காவுத்தடி தூக்கி விற்பவர்கள் சிலர், குழந்தையின் தலையில் கூம்புத் தொப்பியை வைத்தோ கையில் பண்டத்தைக் கொடுத்தோ போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு காசு கேட்பார்கள். வேண்டாம் என்றால் வாங்குவதற்கு முன்பே தலையாட்டிச் சிரித்து நகர்ந்துவிடுங்கள். கன்னத்தைக் கிள்ளுவதும் தூக்கிக் கொஞ்சுவதும் வேறு, அது அன்புதான். ஆனாலும் குழந்தைக்குப் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

8. மூன்றாம் நடை: ஓட இடம் உள்ள பகுதி

இரண்டு நாள் கையைப் பிடித்தே நடந்த குழந்தைக்கு ஓட வேண்டும். மூன்றாம் நாள் பான் டின் புங் தெரு. மர நிழலில் அகலமான நடைபாதை; ஹனோயில் இப்படி நிம்மதியாக நடக்கக் கிடைப்பது அரிது. அந்தத் தெருவிலேயே பழைய கோட்டையின் வடக்கு வாசல். 1882இல் பிரெஞ்சு பீரங்கி துளைத்த குழிகள் சுவரில் இன்னும் அப்படியே உள்ளன. குழந்தைக்குக் காட்டுங்கள்.

பிறகு தாங் லோங் கோட்டை வளாகம். 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். நமக்கு இங்கே முக்கியம் வேறு: வண்டி இல்லை, புல்வெளி உண்டு, கழிப்பறை உண்டு. பழைய அரண்மனைப் படிகளில் 15ஆம் நூற்றாண்டுக் கல் டிராகன்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் கையை விட்டுவிடலாம்.

கன்பூசியஸுக்காகக் கட்டிய இலக்கியக் கோயிலும் இதுபோல நல்ல இடம். 1070இல் நிறுவியது. 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றையும் ஒரு கல் ஆமை சுமக்கிறது. எண்ணச் சொல்லுங்கள், தொட அனுமதி இல்லை.

இனவியல் அருங்காட்சியகம் ஊர் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, காரில்தான் போக வேண்டும். ஆனால் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வெளித் தோட்டத்தில் பல இன மக்களின் வீடுகளை முழு அளவில் கட்டியிருக்கிறார்கள். குழந்தை ஏணியில் ஏறி, உள்ளே ஓடி, மூங்கில் தரையில் படுத்துப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை, வேறு சில அருங்காட்சியகங்களும் அன்று மூடியிருக்கும்.

9. சாப்பாடு

காலையில் 'சாவ்' எனப்படும் அரிசிக் கஞ்சியும் 'சோய்' எனப்படும் ஒட்டரிசிச் சோறும் கிடைக்கும். இரண்டும் நம் குழந்தைகளுக்கு ஒத்துப்போகும். சைவம் என்றால் 'சாய்' என்று எழுதிய கடையைத் தேடுங்கள். பௌத்தச் சைவக் கடைகள் ஊரெங்கும் உண்டு. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ந்துவிடும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் வியட்நாமிய மொழியில் எழுதி அட்டையாக வைத்திருங்கள். பொடித்த கடலையைப் பல பண்டங்கள்மேல் தூவுவார்கள்.

'ஃபோ' எனப்படும் நூடுல்ஸ் சூப் கொதிக்கக் கொதிக்க வரும். தாழ்வான முக்காலி, தாழ்வான மேசை, குழந்தையின் முழங்கை உயரத்தில் கொதிக்கும் கிண்ணம். கிண்ணத்தைக் குழந்தையின் எதிரே வைக்க விடாதீர்கள். காலிக் கிண்ணம் ஒன்று கேட்டு வாங்கி, அதில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஆறவைத்துக் கொடுங்கள்.

குழாய்த் தண்ணீர் கூடாது. சின்ன அட்டைப் பெட்டிப் பால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அதில் பல சர்க்கரை சேர்த்தவை, பார்த்து வாங்குங்கள். மாலை நடை முடிந்தால் ட்ராங் தியென் தெருவில் 1958 முதல் இருக்கும் ஐஸ்கிரீம் கடை. இளம் ஒட்டரிசிச் சுவையில் பச்சை நிறக் குச்சி ஐஸை ஒரு முறை சாப்பிடக் கொடுங்கள்.

பணம் தரும்போது கவனம். 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் நீல நிறச் சாயலில் இருக்கும். குழந்தை கையை இழுக்கும் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவோம். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள். ஒரு ரூபாய் ஏறக்குறைய 300 டாங்.

10. கழிப்பறை, காய்ச்சல், காணாமல் போவது

ஒவ்வோர் இடத்திலிருந்தும் கிளம்பும்முன் கழிப்பறைக்குப் போக வையுங்கள், தேவைப்பட்டபிறகு தேடாதீர்கள். காபிக் கடைகளும் அருங்காட்சியகங்களும்தான் கைகொடுக்கும். தண்ணீர் பீச்சும் குழாய் பெரும்பாலும் இருக்கும் என்பது நமக்கு நிம்மதி.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் 'ஓரேசோல்' என்று கேளுங்கள். நம் ஓஆர்எஸ் பொடிதான். ஆம்புலன்ஸ் எண் 115, போலீஸ் 113. காய்ச்சல் மருந்தை உங்கள் மருத்துவர் சொன்ன அளவோடு எழுதி, ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

தினமும் கிளம்பும்முன் அன்றைய உடையோடு குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். விடுதி அட்டையைப் பாக்கெட்டில் வையுங்கள். உள்ளூர் சிம் எண்ணை முன்கையில் பேனாவால் எழுதுங்கள். "அம்மா தெரியலேன்னா நகராதே, நின்ன இடத்துலயே நில்லு, நான் வருவேன்" என்று தினமும் சொல்லுங்கள். குழந்தை நின்ற இடத்தில் நின்றால், நாம் வந்த வழியே திரும்பிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம்.

11. போக வேண்டாத இடங்கள்

தண்டவாளத்தை ஒட்டிக் காபிக் கடைகள் உள்ள ரயில் தெரு: ரயிலுக்கும் சுவருக்கும் நடுவே இடமே இல்லை. குழந்தை எந்த நொடி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1902இல் திறந்த லோங் பியென் பாலத்தின் நடைபாதை: குறுகலானது, தளப் பலகைகளுக்கு இடையே ஆறு தெரியும், பக்கத்திலேயே பைக்குகள். தூரத்திலிருந்து பாருங்கள். வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னின் உடலை வைத்திருக்கும் நினைவிடம்: நீண்ட வரிசை, உள்ளே அசையாத அமைதி வேண்டும். அங்கே மரியாதை செலுத்த வந்தவர்களுக்கும் குழந்தைக்கும் இருவருக்குமே சிரமம். பெரியவர் ஒருவர் போய்வர விரும்பினால் மற்றவர் குழந்தையோடு வெளியே பூங்காவில் இருக்கலாம்.

12. எப்போது நடையை நிறுத்துவது

குழந்தை அழும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே அடையாளங்கள் தெரியும். எண்ணுவதை நிறுத்திவிடும். கேள்வி கேட்பது குறையும். உங்கள் கையில் தொங்கத் தொடங்கும். கால் தடுக்கும். இதில் இரண்டு தெரிந்தால் உடனே உட்காருங்கள், ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் தெளிவு வரவில்லை என்றால் காரைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒரு தெருதானே என்று இழுக்க வேண்டாம். சோர்ந்த குழந்தை சாலையில் வேகம் தவறும். நான்காவது பகுதியில் சொன்னதெல்லாம் குழந்தை ஒரே வேகத்தில் நடந்தால்தான் செல்லும்.

நாங்கள் ஐந்து நாளில் விட்டுவிட்ட இடங்கள் ஏராளம். தகரப் பட்டறைக்கு மட்டும் மூன்று முறை போனோம், அவள் கேட்டதால். மூன்றாம் முறை அந்தப் பட்டறைக்காரர் வெட்டி மிஞ்சிய தகட்டை வளைத்து, ஓரத்தை மடித்துத் தட்டி மழமழப்பாக்கி, ஒரு சின்னக் கிண்ணம் செய்து கொடுத்தார். வீட்டில் அதில்தான் இப்போது கலர் பென்சில் இருக்கிறது.